எங்க வீட்டுக்காரரு போனும் மதுரை வெயிலும்

1

எங்க வீட்டுக்காரரு இறந்த பிறகும் அவரு போன் ஒரு வருஷம் ஆன்லயே இருந்துச்சு. நான்தான் அணைய விடலை. கேட்டா இதென்ன கிறுக்குத்தனம்னுதான் நினைப்பீங்க. நினைச்சுக்கங்க. நெதர்லாந்துல உக்காந்து எழுதுற எனக்கு, மதுரையில நீங்க என்ன நினைக்கிறீங்கன்னு தெரியவா போகுது.

இங்க சைக்கிள் இல்லாம ஒரு வேலையும் நடக்காது. பால் வாங்க சைக்கிள், ஆபீசுக்கு சைக்கிள், கல்யாணத்துக்குப் பட்டுச்சேலை கட்டிக்கிட்டும் நான் சைக்கிள்லதான் போயிருக்கேன். அவரு ஒரு காய்கறிக் கிடங்குல மெஷின் பாக்குற வேலை. லீவு கிடைச்சாப் போதும், டென்டை மடிச்சு சைக்கிள்ல கட்டிருவாரு. என் மக கயல் நாலாப்பு படிக்கிற காலத்துல இருந்து வருஷா வருஷம் நாங்க மூணு பேரும் சைக்கிள்ல போய் எங்கயாச்சும் புல்தரையில டென்ட் அடிச்சுத் தூங்கியிருக்கோம். ஊருல சொன்னா, "அம்புட்டு தூரம் போயி சம்பாரிக்கிறது தரையில படுக்கவா?"ன்னு சிரிப்பாங்க.

போன வருஷம் பங்குனியில ஒரு சனிக்கிழமை. "ஒரு சுத்து சுத்திட்டு வாரேன்"னு போனவரு கால்வாய்க் கரையில நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தாரு. அம்புட்டுத்தான். ஆஸ்பத்திரி வராந்தாவுல ஒரு போலீஸ்காரப் பொண்ணு பிளாஸ்டிக் பையில அவரு போனைக் குடுத்தா. ஹேண்டில்பார்ல மாட்டியிருந்த போன். மேப் அப்படியே ஓடிக்கிட்டு இருந்துச்சு. சைக்கிள் ஓட்டும்போது திரை அணையக் கூடாதுன்னு, தானாப் பூட்டிக்கிறதை அவரு எடுத்து விட்டிருந்தாரு. அதனால அது திறந்தபடியே என் கைக்கு வந்து சேர்ந்துச்சு.

ஒரு தடவை அணைஞ்சா ரகசிய நம்பர் கேக்கும். அந்த நம்பர் எனக்கும் தெரியாது, கயலுக்கும் தெரியாது. பக்கத்துல இருக்குற பொத்தானைத் தெரியாம அமுக்கிரக் கூடாதுன்னு அட்டையை வெட்டி, அதுக்கு மேல கவரைப் போட்டு, டேப்பும் ஒட்டி வச்சேன். போனுக்குள்ள இருந்த போட்டோ, அவரு பேசி அனுப்புன வாய்ஸ் எல்லாத்தையும் கயல் காப்பி எடுத்துட்டா. "எல்லாம் வந்துருச்சும்மா. இனிமே அணைஞ்சாலும் பரவால்ல"ன்னா. உள்ள இருந்ததையா நான் கேட்டேன்? அவரு விரலை வச்சுத் திறந்தது அப்படியே திறந்திருக்கணும். அதை யாருக்கு எப்படி விளக்குறது? விளக்கலை.

2

அழுகை வரலை. இதை வெக்கப்படாமச் சொல்றேன், வராததை வந்ததுன்னு எழுதவா முடியும்? இங்க சாவுச் சடங்குக்கு நேரம் குறிச்சுக் குடுக்குறாங்க. அந்த நேரத்துக்குப் போகணும், அழகான நாற்காலியில உக்காரணும், முடிஞ்சதும் எல்லாருக்கும் காப்பியும் ஒரு துண்டு கேக்கும். நான் கேக்கைச் சாப்பிட்டேன். நல்லா இருந்துச்சு. அடுத்த வாரம் வேலைக்குப் போயிட்டேன்.

அப்புறம் ஆபீசுகள். ஒவ்வொரு இடத்துலயும் நான் 'ஓவர்லேடன்'னு சொல்லணும். இறந்துட்டாருங்கிறதுக்கு இந்த ஊருச் சொல். பேங்க்ல சொன்னேன், நகராட்சியில சொன்னேன், நூலகத்துலகூடச் சொன்னேன். அவரு போன் கம்பெனியில பேசின பையன், "ரொம்ப வருந்துறேன் மேடம்"னு மரியாதையாச் சொல்லிட்டு, "சந்தாதாரர் பேசினாத்தான் நான் எதையும் மாத்த முடியும். அவர்கிட்டக் கொஞ்சம் போனைக் குடுக்குறீங்களா?"ன்னு கேட்டான். நானும் "இப்ப அவரு வீட்டுல இல்ல"ன்னுட்டு வச்சிட்டேன். எனக்கும் அந்த நம்பர் நிக்காம இருந்தாச் சரிதான்.

அந்தப் போன்ல நம்ம ஊரு சிம்மும் ஒண்ணு கிடந்துச்சு. கோச்சடையில இருக்குற எங்க மாமனார் வீட்டுக் கேஸ் இணைப்பு அந்த நம்பர்லதான் இருக்கு. அதனால எனக்கு இங்க இன்னும் விடியாதப்ப, அங்க இருந்து என் கொழுந்தன் பாண்டி கூப்பிடும். "மதினி, கேஸ்காரரு வாசல்ல நிக்கிறாரு. அண்ணன் போனுக்கு ஓ.டி.பி வந்திருக்கும், சொல்லுங்க மதினி." நான் போர்வைக்குள்ள இருந்து நாலு நம்பரை வாசிப்பேன். கோச்சடையில சிலிண்டர் இறங்கும். செத்தும் வீட்டுக்கு அடுப்பெரிய வச்ச ஒரே மனுசன் இவருதான்.

காலையில எந்திரிச்சதும் அந்தப் போன்ல எம்புட்டு சார்ஜ் இருக்குன்னு பாப்பேன். சிக்னல்ல சைக்கிளை நிறுத்திப் பாப்பேன், வேலையில பாப்பேன். குறைஞ்சா நெஞ்சு படபடன்னு அடிக்கும், ஏறுனா அடங்கும். மத்த எதுக்கும் எனக்குள்ள ஒண்ணும் அசையலை.

3

சோலார் பேனல் அவரு வாங்கினது. நாலு மடிப்பு, விரிச்சா ஒரு சின்னப் பாய் அகலம் வரும். கேம்ப் போற இடத்துல கரண்டுக்கு ஆள்கிட்டக் கெஞ்ச வேண்டாம்னு வாங்கினாரு. வாங்கி என்ன பண்ண? இந்த ஊரு வெயில் வெயிலா? டென்டுக்கு மேல விரிச்சு வச்சுட்டு அண்ணாந்து பாத்துக்கிட்டே நிப்பாரு. மேகம் விலகுனா போன் 'டிங்'குனு சத்தம் போட்டு சார்ஜ் ஏறும், மேகம் வந்தா நின்னுரும். மறுபடி டிங். பக்கத்து டென்ட் வெள்ளைக்காரம்மா ஒரு நா, "உங்க போனுக்கு விக்கலா?"ன்னு கேட்டுச்சு.

"இது மதுரையில இருக்க வேண்டிய சாமான். இங்க வந்து குளிர்ல கிடந்து சீப்படுது, நம்மள மாதிரி. ஒரு தடவை ஊருக்குக் கொண்டு போவோம், கோச்சடையில இருந்து சோழவந்தான் வரைக்கும் சைக்கிள்ல போயி ஒரு தோப்புல டென்ட் அடிப்போம். அப்பத் தெரியும் இது என்னா போடு போடுதுன்னு" என்பாரு. சொல்லிக்கிட்டே இருந்தாரு. ஊருக்குப் போன ஒவ்வொரு தடவையும் கல்யாணம், காதுகுத்து, பல்லு டாக்டர்னு நாள் ஓடிரும். பேனல் பெட்டியிலேயே கிடந்து திரும்பி வரும்.

வருஷத் திதிக்கு நானும் கயலும் ஊருக்குக் கிளம்புறப்ப, அவதான் அந்தப் பேனலை எடுத்து என் பெட்டியில வச்சா. "அப்பா சொன்ன டூர் நாம போவோம்மா." எனக்கு வேணும்னும் இல்ல, வேண்டாம்னும் இல்ல. சரின்னேன்.

திதி நல்லபடியா நடந்துச்சு. ஐயரு சீக்கிரம் முடிச்சாரு, சமையலுக்கு ஆள் சொல்லியிருந்தாங்க. யாரும் அழுகலை. அவங்க போன வருஷமே அழுது முடிச்சிட்டாங்க. பந்தியில கயல் ஒவ்வொரு கரண்டிக்கும் "நன்றி சித்தி, நன்றி சித்தி"ன்னுக்கிட்டே இருந்தா. பாண்டி பொண்டாட்டி கடைசியில, "ஏண்டி, கடைக்காரிக்குச் சொல்ற மாதிரி எனக்குச் சொல்ற?"ன்னு கரண்டியை வச்சிட்டா. கயல் முகம் சுண்டிப்போச்சு. நெதர்லாந்துல நன்றி சொல்லலைன்னா மரியாதை இல்ல, ஊருல சொன்னா வேத்து ஆளு. பாவம், அவ எங்க போவா?

மறுநாளு ஆரப்பாளையத்துல ஒரு கடையில ரெண்டு சைக்கிள் வாடகைக்கு எடுத்தோம். கடைக்காரரு டென்ட் மூட்டையைத் தட்டிப் பாத்துட்டு, "என்னாக்கா, சர்க்கஸ் கம்பெனியா?"ன்னாரு. பாண்டி தலையில கை வச்சுக்கிச்சு. "மதினி, நல்லா ஏ.சி கார் ஒண்ணு சொல்றேன், அரை மணி நேரத்துல சோழவந்தான். ஜனங்க என்னயக் கேப்பாங்க மதினி, அண்ணன் குடும்பத்தை சைக்கிள்ல அனுப்பிட்டியாடான்னு." நான் அசையலை. கடைசியில அதுவே யாருக்கோ போன் போட்டு, மேலக்கால் தாண்டி தன் சிநேகிதரு தோப்புல தங்க ஏற்பாடு பண்ணுச்சு. "எங்க அண்ணன் குடும்பம் வருதுன்னு சொல்லியிருக்கேன். பேச்சியக்கா இருக்கும், நல்லாப் பாத்துக்கும்."

அவரு போனைக் கோச்சடையிலேயே வச்சிட்டுப் போங்கன்னும் பாண்டி சொல்லிப் பாத்துச்சு. அங்க நினைச்ச நேரம் கரண்ட் போகும், வீட்டுல சின்னப் பிள்ளைக வேற. நான் குடுக்கலை.

4

அடுத்த நாள் காலையிலேயே கிளம்பிட்டோம். வலது பக்கம் வைகை. தண்ணிய விட நாணல்தான் அதிகமா இருந்துச்சு. துவரிமான் தாண்டுற வரைக்கும் சுகமா இருந்துச்சு. கயல் கேரியர் மேல பேனலை விரிச்சுக் கயிறு போட்டுக் கட்டியிருந்தா. அவரு எங்களுக்குச் சொல்லிக் குடுத்த முறை ஒண்ணு இருக்கு. பேனல்ல இருந்து நேரா போனுக்குக் குடுக்கக் கூடாது. முதல்ல பவர் பேங்குக்கு ஏத்தணும், அதுல இருந்துதான் போனுக்கு. போனை நிழல்ல வைக்கணும். பேனல் சூரியனைப் பாத்துப் படுக்கணும்.

அன்னைக்கு அது போட்ட போடு இருக்கே! நெதர்லாந்துல ஒரு நாள் பூரா ஏறாதது துவரிமான் டீக்கடையில நாங்க டீ குடிக்கிறதுக்குள்ள ஏறிருச்சு. கயல், "அப்பா சொன்னது உண்மைம்மா!"ன்னு குதிச்சா. டீக்கடையில நாலு பேரு எந்திரிச்சு வந்து பேனலைத் தடவிப் பாத்தாங்க. "இதுல மோட்டர் ஓடுமாம்மா?" "ஓடாதுண்ணே, போனுக்கு மட்டுந்தான்." "ப்ச்"னுட்டு ஆளாளுக்குப் போய் உக்காந்துக்கிட்டாங்க.

உச்சிக்கு வெயில் ஏறுச்சு. பங்குனி வெயில்னா என்னன்னு நான் மறந்தே போயிருந்தேன். தார் ரோடு மேல காத்து நெளியுது. நாகமலை பக்கத்துல இருந்து வர்ற காத்தும் அடுப்புக் காத்துதான். ஏறின பவர் பேங்கை அவரு போனோட மாட்டி என் ஹேண்டில்பார் பையிலதான் வச்சிருந்தேன். மேலக்காலை நெருங்குறப்ப அந்தப் பையைத் திறந்து பாத்தா, பவர் பேங்க் தொட முடியாமக் கொதிக்கிது. போன் திரையில ஒரு அறிவிப்பு. வெப்பம் அதிகம், சார்ஜ் நிறுத்தப்பட்டது.

அம்புட்டு வெயிலு தலைக்கு மேல காயுது, ஒரு சொட்டுக்கூட போனுக்குள்ள இறங்க மாட்டேங்குது. திரை அணையாத போன், மளமளன்னு இறங்குது. புளியமரத்து நிழல்ல நின்னு விசிறினேன். ஈரத்துணிய சுத்திப் பாத்தேன். காத்துப் பட்டா சூடு அடங்கும்னு டேப்பைப் பிய்ச்சு, கவரைக் கழட்டி, அட்டையையும் எடுத்துட்டேன். ஒரு வருஷமாக் கழட்டாத கவரு. கயல் ஓரமா நின்னு என்னையே பாத்துக்கிட்டு இருந்தா. "அம்மா, நீ காலையில இருந்து தண்ணியே குடிக்கலை"ன்னா. "குடிக்கிறேன், நீ சீக்கிரம் மிதி"ன்னேன்.

தோப்புக்குள்ள நுழையுறப்ப சார்ஜ் ஒத்தை இலக்கத்துக்கு வந்திருச்சு.

5

பேச்சியக்கா எங்களுக்காகவே வாசல்ல நின்னுச்சு. என்னைய விட நாலஞ்சு வயசு கூட இருக்கும். தலையில துண்டு, கையில அரிவா. "வாங்க தாயி, வாங்க. யாத்தே, நெசமாவே சைக்கிள்லயா வந்தீக!" ரெண்டு இளநியைச் சீவி எங்க கையில திணிச்சுட்டு, எங்களுக்குப் பின்னாடி ரோட்டை எட்டிப் பாத்துச்சு. "வீட்டுக்காரரு வரலையா?"

"வரலைக்கா."

"வேலையாக்கும்" அப்படின்னு அதுவே சொல்லிக்கிச்சு. என் நெத்தியில ஸ்டிக்கர் பொட்டு, கால்ல ஜீன்ஸு. அது என்னத்தைக் கண்டுச்சு? நானும் ஆமாங்கிற மாதிரி தலையை ஆட்டிட்டு, "அக்கா, போனுக்கு சார்ஜ் போடணும், கரண்ட் இருக்கா?"ன்னேன்.

"கரண்ட் சாயங்காலந்தான் தாயி வரும்."

மோட்டார் ரூமுக்குள்ள நல்ல நிழல். வெளிய தொட்டிக்குப் பக்கத்துல பேனலை விரிச்சு, நீள வயரை ஜன்னல் வழியா உள்ள விட்டேன். பவர் பேங்க் இன்னும் சூடு ஆறலை. அதனால அவரு சொன்ன முறையை விட்டுட்டு நேராவே போன்ல மாட்டினேன். கயித்துக் கட்டில் மேல வச்சு, திரையையே பாத்தேன். 'டிங்.' ஏற ஆரம்பிச்சிருச்சு. கொஞ்ச நேரம் பக்கத்துலயே உக்காந்திருந்தேன். ஒண்ணு, ரெண்டுன்னு கூடுது. அப்பாடான்னு இருந்துச்சு.

"வந்து மூஞ்சியக் கழுவுங்க, சோறு ஆறுது" அப்படின்னு அக்கா கூப்பிட்டுச்சு. கயல் தென்னைகளுக்கு நடுவுல டென்ட் அடிச்சுக்கிட்டு இருந்தா. நான் தொட்டிக்குப் போய் கை கால் முகம் கழுவினேன். தண்ணி சில்லுனு இருந்துச்சு. கழுத்து, பிடரி, தலைன்னு ஊத்திக்கிட்டே இருந்தேன். ஒரு வருஷத்துல அந்தப் போனை விட்டு அம்புட்டு நேரம் நான் தள்ளி நின்னதில்ல.

திரும்பி வந்தா அக்கா மோட்டார் ரூமுல இருந்து தட்டுகளோட வெளிய வருது. முகமெல்லாம் சிரிப்பு.

"நல்ல ஆளு தாயி நீங்க! சார்ஜைப் போட்டு ஆன்லயே விட்டுட்டுப் போயிருக்கீக. கொள்ளிக்கட்டையாக் கொதிக்கிது! எங்க ஊருல யாரும் ஆன்ல வச்சு சார்ஜ் போட மாட்டோம், வெடிச்சிருச்சுன்னா? அமத்தி, தண்ணிப் பானை மூடி மேல வச்சிருக்கேன். சூடு ஆறட்டும்."

6

எனக்குக் கோவம் வரலை. சத்தியமா வரலை. அந்தக்கா மேல என்ன தப்பு? நல்லதுதான் பண்ணுச்சு. பானை மூடி மேல போன் கருப்பா, சில்லுனு இருந்துச்சு. எடுத்துப் பொத்தானை அமுக்கினேன். கம்பெனிப் படம் வந்துச்சு. அப்புறம் நாலு கட்டம். நம்பரைப் போடச் சொல்லுச்சு.

அக்கா தட்டைக் கீழ வச்சிட்டு வந்து எட்டிப் பாத்துச்சு.

"நம்பரைப் போடுங்க தாயி. வந்திரும்."

"நம்பர் தெரியாதுக்கா."

"தெரியாதா? உங்க போனில்லையா?"

"எங்க வீட்டுக்காரரு போனு."

"அட, இதுக்குப் போயா இப்படி முழிக்கிறீக? உங்க போன்ல இருந்து அவரைக் கூப்பிட்டுக் கேளுங்க. ஒரு நிமிசத்துல சொல்லிரப் போறாரு."

எவ்வளவு சரியான யோசனை! நான் வாயைத் திறந்தேன். சொல்லு வரலை. நெதர்லாந்துல ஆபீஸ் ஆபீசாப் போய்த் தண்ணி பட்ட பாடாச் சொன்ன ஒண்ணுதான். அது அந்த ஊரு பாஷையில. நம்ம பாஷையில அதை நான் யாருக்கும் சொல்ல வேண்டியே வரலை. அவரு இறந்த அன்னைக்கு கயல் பாண்டிக்கு இங்கிலீஷ்ல மெசேஜ் தட்டிவிட்டா, பாண்டி ஊருக்கே சொல்லிருச்சு. என்னயக் கூப்பிட்ட அத்தனை பேரும் அழுதுக்கிட்டேதான் கூப்பிட்டாங்க. நான் "ம்", "ம்"னு மட்டும் சொன்னேன்.

இப்ப முன்னாடி நிக்கிற இந்தப் பொம்பளைக்குத் தெரியாது. நான் சொன்னாத்தான் தெரியும்.

"அவரு செத்துப் போயிட்டாருக்கா."

சொன்னதும் என் காதுலயே அது விழுந்துச்சு. யாரோ எனக்கு வந்து சேதி சொன்ன மாதிரி இருந்துச்சு.

அக்கா வாயில கையை வச்சுக்கிச்சு. "எப்பத் தாயி?"

"போன வருஷம்."

வருஷமாயிருச்சேன்னு அது நினைக்கலை. சாவுச் சேதி இப்பத்தான அதுக்கு வந்துச்சு. தலையில கட்டியிருந்த துண்டை அவுத்து இடுப்புல செருகிக்கிட்டு, என் ரெண்டு தோளையும் பிடிச்சுத் தரையில உக்கார வச்சு, எதிர்ல உக்காந்து என்னையக் கட்டிக்கிச்சு. நம்ம பக்கத்துல சாவு வீட்டுல துட்டி கேக்குறப்ப எப்படிக் கட்டிக்குவாங்களோ அப்படி. "பாவி மகளே, ஒத்தையிலயா நின்ன! எம் பொறப்பே, ஒத்தையிலயா நின்ன!" அப்படின்னு அது ராகம் இழுக்க ஆரம்பிச்சிருச்சு. அவரை அது பாத்ததே இல்ல. பேருகூடத் தெரியாது. என்னையே அன்னைக்குத்தான் பாக்குது.

நான் அழுதேன். மூக்கு ஒழுக, சேறும் தண்ணியுமா கிடந்த அந்த மோட்டார் ரூம் வாசல்ல உக்காந்து, அக்கா தோள்ல தலையை முட்டி முட்டி அழுதேன். வயித்துல இருந்து வந்துச்சு. போன் எங்க விழுந்துச்சுன்னு தெரியலை. தேடவும் தோணலை.

சத்தம் கேட்டுக் கயல் ஓடி வந்தா. கையில டென்ட் முளையடிக்கிற சுத்தியல். கீழ கிடந்த போனைப் பாத்தா, என்னையப் பாத்தா. "அம்மா, போனுக்கு என்னாச்சு? அணைஞ்சிருச்சா?"

நான் அவ கையைப் பிடிச்சு இழுத்தேன்.

"கயலு, அப்பா செத்துப் போயிட்டாருடி."

தெரியாததா அவளுக்கு? ஆஸ்பத்திரி வராந்தாவுல என்னோட நின்னவதான. அன்னைக்கு அந்த போலீஸ்காரப் பொண்ணு அவளுக்கு அந்த ஊரு பாஷையில தெளிவா, மரியாதையாச் சொன்னா. தமிழ்ல யாரும் சொல்லலை. பெத்தவ நானே சொல்லலை. சுத்தியலைக் கீழ போட்டுட்டு, "அப்பா"ன்னு ஒரு தடவை கத்திட்டு என் மடியில வந்து விழுந்தா.